ஃப்ராக்-ஐ ஸ்பிரைட் விற்பனைக்கு: பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

1959-ஆம் ஆண்டு ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார், ‘ஃப்ராக்-ஐ’ (தவளைக்கண்) என்று அழைக்கப்படும் முதல் மாடல். இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் என் வீட்டு கராஜில் நான்கு வருடம் பிரித்துப் போட்டு, திரும்பக் கட்டிய கார். விற்கப் போகிறேன், விலை 16,500 பவுண்டு என்று சொன்ன நாளிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. நம் ஆட்கள் கேட்பதும் சரி, மற்றவர்கள் கேட்பதும் சரி, சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த மாதிரிப் பழைய கார் ஒன்றை வேறு எங்காவது பார்க்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

அண்ணா, இது என்ன கார்? எம்ஜியா, மினியா?

இரண்டும் இல்லை, ஆனால் இரண்டுக்கும் உறவுக்காரன். டொனால்ட் ஹீலி என்பவர் 1931-இல் மான்டே கார்லோ ராலியை ஜெயித்த ஓட்டுநர். பின்னாளில் வார்விக்கில் சொந்தமாகக் கார் வடிவமைக்கும் பட்டறை வைத்தார். கையில் அதிகம் பணம் இல்லாத இளைஞர்களும் வாங்கக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்று, ஆஸ்டின், மாரிஸ், எம்ஜி கார்களையும் பின்னாளில் மினியையும் செய்த பிஎம்சி நிறுவனம் நினைத்தபோது, அவரும் அவர் மகன் ஜெஃப்ரியும் சேர்ந்து உருவாக்கியது இது. 1958 மே மாதம் வெளிவந்தது. அன்றைய விலை வரியோடு 669 பவுண்டு.

செலவைக் குறைக்க, இருக்கிற கார்களிலிருந்தே பாகங்களை எடுத்தார்கள். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் ஆஸ்டின் ஏ35-இலிருந்து, ஸ்டீயரிங் மாரிஸ் மைனரிலிருந்து. உடல் கூடு ஸ்விண்டனில் சேர்ந்து, கௌலியில் பெயின்ட் ஆகி, ஆபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் முழுக் காராக வெளியே வந்தது. 1961 வரை ஏறக்குறைய 49,000 கார்கள் செய்தார்கள். அதற்குப் பின் வந்த ஸ்பிரைட்டும் எம்ஜி மிட்ஜெட்டும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். முதல் மாடலுக்கு மட்டும்தான் இந்த முகம்.

ஏன் கண் ரெண்டும் இப்படி மேலே துருத்திக்கிட்டு நிக்குது?

ஹெட்லைட் இரண்டையும் தேவைப்படும்போது எழுப்பி, மற்ற நேரம் பானெட்டில் படுக்க வைப்பதுதான் முதல் திட்டம். அந்த இயந்திர அமைப்புக்குச் செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். லைட்டுகள் நின்ற நிலையிலேயே தங்கிவிட்டன. இங்கிலாந்தில் தவளைக்கண் என்றும், அமெரிக்காவில் பூச்சிக்கண் என்றும் பெயர் வந்தது. பணம் போதாமல் விட்ட ஒன்றுதான் இந்தக் காரின் அடையாளமே ஆனது. தெருவில் போனால் குழந்தைகள் கை காட்டுவது அந்தக் கண்களைப் பார்த்துத்தான்.

கதவுக்குக் கைப்பிடி இல்லை, டிக்கிக்கு மூடி இல்லை. எப்படித் திறக்கிறது?

வெளியிலிருந்து கையை உள்ளே விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கண்ணாடி ஏற்றி இறக்கும் வசதி கிடையாது. கழற்றி மாட்டும் பக்கத் திரைகள்தான். டிக்கிக்குப் போக வழி சீட்டின் பின்பக்கம். சீட்டை முன்னால் மடித்து, தலையை உள்ளே விட்டு, கையை நீட்டித்தான் பெட்டியையோ ஸ்டெப்னியையோ எடுக்க முடியும்.

இதற்கு ஒரு காரணம் செலவு, இன்னொரு காரணம் உறுதி. தனி சேசி இல்லாமல் உடல் கூடே பாரத்தைத் தாங்கும்படி செய்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இது முந்தியது. பின்பக்கத் தகரத்தில் ஓட்டை போடாமல் விட்டதால் கூடு முறுக்கிக்கொள்ளாமல் நிற்கிறது. எடையும் 650 கிலோ அளவில் அடங்கிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துருவைப் பற்றிப் பேசும்போது திரும்ப இங்கேதான் வர வேண்டும்.

எவ்வளவு வேகம் போகும்?

948 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், 43 குதிரைத்திறன். 1958-இல் ஒரு பத்திரிகை சோதித்தபோது அதிகபட்சம் மணிக்கு 82.9 மைல். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட 20.5 வினாடி. இன்று எந்தச் சாதாரண ஹேட்ச்பேக்கும் இதை முந்திவிடும்.

ஆனால் இதன் சுகம் வேறு. உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை விரல் அளவு அசைத்தால் மூக்கு திரும்புகிறது. வார்விக்ஷயர் கிராமச் சாலையில் 40 மைல் வேகத்தில் ஒரு வளைவை எடுத்தால், அது போதும். மோட்டார்வேயில் 60-ஐத் தொட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை நெருங்குகிறது. சத்தம் காதை அடைக்கும். ஒரு மணி நேரம் தாங்கலாம், மூன்று மணி நேரம் வேண்டாம்.

தினமும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடித்தகரத்துக்கு எமன். நவம்பரிலிருந்து மார்ச் வரை நான் இதை வெளியே எடுப்பதில்லை. மழை வந்தால் கம்பிச் சட்டத்தைச் செருகி, அதன்மேல் துணியை இழுத்து மாட்ட வேண்டும். பழகினால் ஐந்து நிமிடம். அப்படியும் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு உள்ளே வரும்.

வெயில் காலத்தில் வாரம் இரண்டு தடவை ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பிரேக் சிலிண்டர்கள் கட்டிக்கொள்ளும். ஓட்ட ஓட்டத்தான் இந்தக் கார் நன்றாக இருக்கும்.

நான் ஆறடி உயரம். உள்ளே நுழைய முடியுமா?

முடியும். காலை நீட்ட நினைப்பதைவிட அதிக இடம் இருக்கிறது. பெடல்கள்தான் நெருக்கம், அகலமான ஷூ போட்டால் ஒரே நேரத்தில் இரண்டை மிதித்துவிடுவீர்கள். மெல்லிய ஷூவோடு வாருங்கள்.

குழந்தையைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கலாமா?

சீட் பெல்ட் பொருத்தியிருக்கிறேன், பிடிமானத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தது. ஆனால் பின் சீட் கிடையாது, பக்கத்தில் பாதுகாப்பும் கிடையாது. சின்னக் குழந்தையை நான் ஏற்றியதில்லை, ஏற்றச் சொல்லவும் மாட்டேன்.

ரோடு டாக்ஸ், எம்ஓடி எல்லாம் உண்டா?

40 வயதைத் தாண்டிய கார்களை வரலாற்று வாகனம் என்ற வகையில் பதியலாம். அதற்கு வரி பூஜ்யம். பூஜ்யம் என்றாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத இத்தகைய கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் பர்மிங்காமில் சுத்தக் காற்று மண்டலக் கட்டணமும் இந்த வகைக்குக் கிடையாது.

எம்ஓடி வேண்டாம் என்பதால் காரைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆகிவிடாது. சாலைக்குத் தகுதியாக வைத்திருப்பது சட்டப்படி உங்கள் பொறுப்பு. நான் வருடம் ஒரு தடவை விருப்பப்பட்டு எம்ஓடி எடுக்கிறேன். இன்னொருவர் அடியில் விளக்கடித்துப் பார்ப்பது நல்லது. அந்தத் தாள்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இன்ஷூரன்ஸை, காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால் மதிப்பைப் பற்றி வாக்குவாதம்தான் மிஞ்சும்.

எந்தப் பெட்ரோல் போடணும்?

இ5 சூப்பர், அதாவது எத்தனால் 5 சதவீதம் வரை மட்டுமே கலந்தது. சாதாரணப் பெட்ரோல் 2021-இலிருந்து 10 சதவீதம் வரை கலந்த இ10 ஆகிவிட்டது. அதில் கலந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை மெல்ல அரித்துவிடும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன், இருந்தாலும் இ5 போடுவதே என் வழக்கம். டேங்க் 6 கேலன், 27 லிட்டர்.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது. இங்கே 1999 முடிவோடு அந்தப் பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. எஞ்சினைப் பிரித்தபோது கடினமாக்கிய புது சீட்டுகள் போட்டாயிற்று. அதனால் தனியாக எதையும் ஊற்ற வேண்டாம்.

கீழே ஆயில் சொட்டியிருக்கே?

நிறுத்தி வைத்த ஓர் இரவில் ஒரு பவுண்டு நாணயம் அளவுக்குச் சொட்டும். இந்த எஞ்சின் குடும்பத்தில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே திருகுபோல ஒரு பள்ளம் வெட்டி, சுற்றும்போது ஆயில் உள்ளே திரும்பும்படி செய்திருக்கிறார்கள். சுற்றும் வரை சரி, நின்றால் கொஞ்சம் கசியும். புதிதாக வந்தபோதும் அப்படித்தான். கிண்ணம் நிறைய ஒழுகினால்தான் கவலைப்பட வேண்டும். அட்டையை அடியில் போட்டுவிடுங்கள், அளவு கூடுகிறதா என்று அதுவே காட்டும்.

ரெஸ்டோர் பண்ணினேன்னு சொல்றீங்க. சரியா என்ன பண்ணினீங்க?

கார் வந்தபோது சிவப்பு நிறம். பார்க்க அழகு. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஓட்டுநர் காலடியில் தரை தெரிந்தது. தகரம் அத்தனையும் இத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கூட்டைச் சுழலும் ஸ்டாண்டில் மாட்டி, மணல் அடித்துப் பெயின்டை எடுத்தோம். வெல்டிங்கை உள்ளூர்ப் பட்டறை ஒன்று செய்தது. எஞ்சின், சஸ்பென்ஷன், வயரிங், உள் வேலை என்னுடையது.

இரண்டு பக்க சில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டி), முன் தரை, கதவுத் தூண்களின் அடிப்பகுதி, பின் ஸ்பிரிங் பெட்டிகள் எல்லாம் புதுத் தகரம். சில்லை வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்து கூட்டை இறுக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எத்தனை பெயின்ட் அடித்தாலும் கதவு சரியாக மூடாது. பானெட் பழையதே. கீழ் ஓரங்களில் மட்டும் ஒட்டு போட்டிருக்கிறது. பலர் ஃபைபர் பானெட் போட்டுவிடுகிறார்கள். இரும்புதானா என்று காந்தம் வைத்துப் பார்க்கலாம்.

எஞ்சின் பிளாக் பழையது. சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிய பிஸ்டன், புது பேரிங். முன் சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் அச்சாக இருக்கும் கிங்பின்னும் கீழ் ஃபல்க்ரம் பின்னும் புதிது. இவற்றுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டவர்களால்தான் இந்தக் கார்களின் முன்பக்கம் பாழாகிறது.

பெயின்ட் பளபளன்னு இருக்கு. உள்ளே பட்டி போட்டு மூடலைன்னு எப்படி நம்புறது?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நானே ஒரு தடவை கேட்காமல் போய்ச் சிக்கிக்கொண்டவன். இதற்கு முன் இதே மாடல் ஒன்றை ரெஸ்டோர் செய்தது என்று நம்பி வாங்கினேன். கண்ணாடி மாதிரி பெயின்ட், புதுத் தோல் சீட். வாங்கி ஏழாவது மாதம், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் மரம் முறிவது போல ஒரு சத்தம். கார் இடது பக்கம் சாய்ந்து நின்றது. அடியில் படுத்துப் பார்த்தால் ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு மேலே ஏறியிருந்தது. அதைப் பிடித்திருந்த பெட்டியின் தகரம் காகிதம்போல் மடிந்திருந்தது. அதன்மேல் பட்டி, பட்டியின்மேல் அடித்தகரத்துக்குப் பூசும் கருப்பு அண்டர்சீல். விரலால் உரித்தபோது கட்டி கட்டியாகக் கையோடு வந்தது.

அது ஏன் அங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். சாதாரண லீஃப் ஸ்பிரிங் பட்டை இரண்டு முனையிலும் காரோடு பிடித்திருக்கும். இதில் இருப்பது நீள்வட்டத்தின் கால் பங்கு போன்ற பட்டை. தடித்த முனை மட்டும் சீட்டுக்குப் பின்னால் தரைக்குள் இருக்கும் ஒரு பெட்டியில் போல்ட் போட்டிருக்கும். மெல்லிய முனை ஆக்சிலைத் தாங்கும். பின்பக்கப் பாரம் முழுக்க அந்த இரண்டு சிறு பெட்டிகள் வழியாகத்தான் கூட்டுக்குள் போகிறது. டிக்கி பற்றிய பதிலில் சொன்னேனே, கூடே பாரத்தைத் தாங்குகிறது என்று. அதனால் இங்கே துரு என்பது அழகுக் குறை அல்ல, ஆபத்து.

எந்த ஸ்பிரைட்டைப் பார்த்தாலும் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பிறகு ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் போய் ஸ்குரூ டிரைவரின் பிடியால் பெட்டியைச் சுற்றித் தட்டுங்கள். நல்ல தகரம் கணீர் என்கும். பட்டி போட்டது சொத் என்கும். ஒரு தடவை இரண்டையும் கேட்டுவிட்டால் அப்புறம் மறக்காது. என் காரில் அந்த இடத்தில் அண்டர்சீல் அடிக்கவே இல்லை. பெயின்டும் தெளிவான மெழுகும்தான். வெல்டிங் வரியைக் கண்ணால் பார்க்கலாம். வேலை நடந்தபோது எடுத்த 600-க்கும் மேற்பட்ட படங்கள் தேதி வரிசையில் இருக்கின்றன. படம் காட்டத் தயங்குகிற விற்பனைக்காரரிடம் கார் வாங்காதீர்கள்.

நீல நிறம் ஒரிஜினலா?

ஆமாம். இதன் பெயர் ஸ்பீட்வெல் நீலம். மேலே சொன்னபடி எனக்கு வந்தபோது சிவப்பு. டேஷ்போர்டைக் கழற்றியபோது உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு நீலம் தெரிந்தது. அறுபது வருடமாக வெயில் படாததால் நேற்று அடித்த மாதிரி இருந்தது. கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் உண்டு. கட்டணம் கட்டினால் அந்தக் காரின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்று தருவார்கள். வாங்கிப் பார்த்தேன், நீலம் என்றே இருந்தது. அந்த உள்ளங்கை அளவு நீலத்தின்மேல் நான் பெயின்ட் அடிக்கவில்லை. டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்தால் இன்றைக்கும் பார்க்கலாம்.

அமெரிக்கா போயிட்டு வந்த காரா?

இல்லை. இந்த மாடல் நிறைய அமெரிக்காவுக்குப் போனது உண்மை. அங்கே வறண்ட மாநிலங்களில் இருந்த கார்கள் துருப்பிடிக்காமல் இருந்ததால், பலவற்றைத் திரும்பக் கொண்டுவந்து ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை. மறைத்து விற்பதுதான் தப்பு. சேசி எண்ணைப் பாருங்கள். முதல் மாடல் எண்ணில் ஏஎன்5 என்று வரும், இடப்பக்க ஸ்டீயரிங் காருக்கு எல் என்ற எழுத்தும் சேரும். மியூசியம் தரும் அந்தச் சான்றிதழும் கார் எந்தச் சந்தைக்குப் போனது என்று சொல்லிவிடும். இதில் உள்நாட்டு விற்பனை என்றே இருக்கிறது. எஞ்சின் எண்ணும் அதோடு பொருந்துகிறது. இங்கே ஆர்.சி. புத்தகத்துக்குச் சமமான வி5சி-யிலும் அதே எண்தான்.

டிரம் பிரேக் போதுமா? 1275 எஞ்சின் போட்டா இன்னும் நல்லா இருக்காதா?

நான்கு சக்கரத்திலும் 7 அங்குல டிரம். இந்த எடைக்கும் இந்த வேகத்துக்கும் போதும், ஆனால் முன்கூட்டியே யோசித்து மிதிக்க வேண்டும். முன்னால் போகிற நவீன கார் சட்டென்று நிற்கும், நீங்கள் அப்படி நிற்க முடியாது. பிரேக்குக்கு ஒரே ஒரு சர்க்யூட்தான் என்பதையும் மறக்க வேண்டாம். குழாய்களும் சிலிண்டர்களும் புதிது.

பின்னால் வந்த மாடல்களின் 1275 சிசி எஞ்சினும் முன் டிஸ்க் பிரேக்கும் இதில் பொருந்தும். நிறைய பேர் போட்டு சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். போடுவதானால் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஆற்றலை மட்டும் கூட்டி டிரம்மோடு ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட்டும் அந்த ஆற்றலில் முறியலாம், அதையும் பலமானதாக மாற்ற வேண்டும். எஞ்சின் மாறினால் வி5சி-யில் தெரிவிக்க வேண்டும். இந்தக் காரில் பிறந்த எஞ்சினே இருப்பதால், மாற்றினாலும் பழையதைத் துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள். இந்த 948-ஐ லேசாக நினைக்க வேண்டாம். இதே எஞ்சினைத் தேற்றிப் போட்ட ஸ்பிரைட்டுகள்தான் 1959-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் தங்கள் பிரிவில் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன.

உண்மையைச் சொல்லுங்க, என்ன குறை?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியர் ஒரு தடவை முரண்டு பிடிக்கும், சூடானால் சரியாகிவிடும். ஓடும்போதே கியர் சிக்காமல் விழ உதவும் சிங்க்ரோ முதல் கியரில் கிடையாது, அது டிசைனே அப்படி. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும். இடப்பக்கக் கதவின் பின் இடைவெளி மேலே 4 மில்லிமீட்டர், கீழே 6. மேல்துணியின் பின் ஜன்னல் மஞ்சளாகிவிட்டது, அடுத்த வருடம் மாற்ற வேண்டியிருக்கும். பானெட் கனமானது. தாங்கு கம்பி சரியாக மாட்டியதா என்று இரண்டு தடவை பார்க்காமல் தலையை உள்ளே விடாதீர்கள்.

16,500 பவுண்டு அதிகம் இல்லையா?

ரசீதுகளைக் கூட்டினால் இதற்கு மேல் வருகிறது, என் உழைப்பைச் சேர்க்காமல். ஆனால் செலவழித்ததை எல்லாம் திரும்பக் கேட்க முடியாது என்று தெரியும். இதைவிடக் குறைவாகவும் ஃப்ராக்-ஐ கிடைக்கும். பட்டி பற்றிய பதிலில் சொன்னதைச் செய்து பார்த்து, அது தேறினால் தாராளமாக அதையே வாங்குங்கள். தேறாவிட்டால், கூடு வேலைக்கு ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காரை நேரில் பார்த்தவரோடு பேசத் தயார். பார்க்காமல் போனிலேயே விலையைக் குறைக்கச் சொன்னால் பதில் இல்லை.

இவ்வளவு ஆசையா பண்ணிட்டு ஏன் விக்கிறீங்க?

அம்மா எங்களோடு வந்து தங்கப் போகிறார். அவருக்கு மாடி ஏற முடியாது. கராஜைத்தான் அறையாக மாற்ற வேண்டும். காரை வெளியே மழையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

எப்போ வந்து பார்க்கலாம்?

சனிக்கிழமை காலையில், வெளிச்சம் இருக்கும்போது. மழை நாளில் வேண்டாம், நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க மாட்டேன். பானெட்டில் கை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாவியைத் திருப்பி, சோக்கை இழுத்து, பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் குமிழை நீங்களே இழுங்கள். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஓட்டிச் சூடானதும் ஆயில் அழுத்தம் 40 பிஎஸ்ஐ அருகில் நிற்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி, ஸ்டாண்ட், டார்ச், ஸ்குரூ டிரைவர் எல்லாம் எடுத்து வைத்திருப்பேன். அடியில் படுக்க ஒரு பாயும் இருக்கிறது.